ஐப்பசித் தண்ணீரும் ஜமுனாவின் நாக்கும்

ஐப்பசி பிறந்துவிட்டால் பழவேற்காட்டு ஏரிக்குத் தன் குணமே மறந்துபோகும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பாத்திரம் துலக்கி முடிப்பதற்குள் வடக்கே இருட்டிக்கொண்டு வரும். ஒரு கரையில் மழை பெய்ய, மறுகரையில் துணி காயும். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாம்பலில் படகுகள் அந்தரத்தில் நிற்கும். போனில் வரும் மழைச் செய்தியெல்லாம் சென்னைக்காரர்களுக்கு. எங்கள் குப்பத்துக்கு ஜமுனாவின் நாக்குதான்.

விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைப்பாள். ஆற்று வெள்ளம் கலந்து தண்ணீர் இனித்தால் இறால் கிளம்பும். உப்பாகவே இருந்தால் நண்டு. மற்ற மாதங்களில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஐப்பசியின் இரண்டுங்கெட்டான் தண்ணீரை அவள்தான் சொல்வாள். கண்ணை மூடி நிற்கும் அந்த நேரத்தில், ஆற்றோடு எந்த ஊர் மண் கரைந்து வருகிறது என்பதுகூடத் தெரியுமாம். கொஞ்சம் அளப்புதான், ஆனாலும் நம்பினோம். அவள் புருஷன் பூபதி, கல்யாணமான இருபது வருஷத்தில் அவளைக் கேட்காமல் படகு ஏறியதில்லை.

போன வருஷ ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போனபோது ருசியும் கூடவே போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாக்கு இல்லாவிட்டால் இந்த ஊரில் தான் யார் என்று பயந்துபோனாள். வானத்தைப் பார்த்து உத்தேசமாகச் சொல்லி நாளை ஓட்டினாள்.

அப்போதுதான் பூபதியின் பாடு வந்தது. ஏரியில் மீன் கூடும் இடத்தில் வலை போட ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்கும் முறைநாள் அது. வீணானால் அடுத்ததற்கு இரண்டு வாரம் ஆகும். முந்தின நாள் நல்ல மழை. ஜமுனா விரலை நாக்கில் வைத்தாள். வெறும் ஈரம்.

"இனிக்குது" என்றாள். அவன் தலையாட்டிவிட்டு இறால் வலையை ஏற்றினான்.

படகு போன கொஞ்ச நேரத்தில் வானம் பளிச்சென்று வெளுத்துவிட்டது. காற்றே இல்லை. ஏரி அசையாமல் கிடக்க, படகு மேகத்துக்குள் நழுவிப் போவதுபோல இருந்தது. அவ்வளவு அழகையும் பார்த்துக்கொண்டு ஜமுனா கரையிலேயே நின்றாள். பொய் சொல்லி அனுப்பிவிட்டோமே என்று அன்று பகல் முழுக்க அவள் சோறே உண்ணவில்லை.

சாயங்காலம் படகு வந்தது. கூடை நிறைய நண்டு.

நண்டு வலை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். தார்ப்பாய்க்கு அடியில் அதையும் வைத்திருந்தேன் என்றான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் பேச்சில் நம்பிக்கை இல்லையா என்று கத்தினாள்.

பூபதி வலையை உதறிக்கொண்டே சொன்னான்: "பத்து நாளா கொழம்புல உப்பே இல்ல ஜமுனா. அங்க போயி நானே தொட்டுப் பாத்துக்கினேன்."

"தெரிஞ்சுகினே இன்னாத்துக்குயா எங்கிட்ட கேட்ட?"

"கேக்காம எப்படி போறது?"

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு நண்டுக் குழம்புக்கு உப்பு போட்டது பூபதி. எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு கரிப்பு. ஜமுனா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்றாள்.