பெட்ரோல் பங்க்கை இடித்த கதை

போன வாரம் ரஹீம் பாய் வீட்டுக்கு வந்திருந்தார். தோல் வியாபாரத்தை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, என்னைப் போலவே பகலெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர். நாங்கள் மாடி கட்டிய பிறகு இதுதான் முதல் வருகை. உள்ளே வந்தவர் உட்காரவில்லை. ஹாலில் வடக்குச் சுவரை ஒட்டி ஏறுகிற மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன சார், படியக் கொண்டாந்து ஹாலுக்குள்ள நட்டு வச்சிருக்கீங்க? நாளைக்கு மாடிய வாடகைக்கு விட்டா, குடியிருக்கிறவன் உங்க சோத்துத் தட்டத் தாண்டில்ல மேல போகணும்?”

நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் மாடி வீடுகள் பதினான்கு. பதின்மூன்றில் படி வெளியேதான் இருக்கிறது. பதினான்காவது எங்களுடையது.

“ஒரு பெட்ரோல் பங்க்க இடிச்சோம் பாய். அதுல படி உள்ள வந்துருச்சு” என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். சாருக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு என்கிற பார்வை!

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

என் மருமகள் கலையரசியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது, என் பேத்தி பவித்ராவுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். பில்டிங் செட். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் ‘டிக்’கென்று பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் கட்டைகள். பெட்டியின் மேல் ஒரு பெட்ரோல் பங்க் படம். உள்ளே 312 இருப்பதாகப் போட்டிருந்தது.

போட்டிருந்தால் ஆயிற்றா? எண்ண வேண்டாமா? பாயில் கொட்டி எண்ணினேன். 311. மறுபடி எண்ணினேன். 311. கடைசியில் பிளாஸ்டிக் உறையை உதறியபோது, மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் விளக்கு விழுந்தது. அதற்குப் பிறகுதான் காபி இறங்கியது.

பவிக்கு அப்போது ஏழு வயது. நான் எண்ணி முடித்த மறுநிமிடமே அவள் ஒரு ஒட்டகம் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

“ஏத்தா, முதல்ல புத்தகத்துல உள்ளதக் கட்டு. ஒட்டகத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

“புத்தகத்துல ஒட்டகம் இல்லையே தாத்தா.”

“அதத்தான் சொல்றேன். இல்லாதத எதுக்குக் கட்டணும்?”

இப்போது எழுதிப் பார்க்கையில் இந்தக் கேள்வி அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தப் புத்தகம்... முழுக்கப் புரட்டினேன். ஒரு எழுத்து இல்லை! எல்லாம் படம், அம்புக்குறி. நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் சரக்கு இருப்பைச் சரிபார்த்துக் காலம் தள்ளியவன். எந்த உத்தரவையும் எழுத்தில் வாங்கித்தான் பழக்கம். படம் போட்டு உத்தரவு கொடுத்தால் என்ன செய்வது? மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, பவி கட்டை எடுத்துக் கொடுக்க, நான் பொருத்த, ஒருவழியாகப் பங்க் எழுந்து நின்றது. பெட்ரோல் குழாய், கூரை, சிவப்புத் தொப்பி போட்ட பங்க் ஆள், ஒரு கார், அதை ஓட்ட ஒரு டிரைவர். எட்டுக் கட்டை மிச்சம். எங்கே தப்புச் செய்தோம் என்று இரண்டு நாள் தேடினேன். உபரியாகவே போட்டு அனுப்புவார்களாம்.

சரி, கட்டியாயிற்று. அடுத்து என்ன செய்வோம் நாம்? வெளிநாட்டுச் சாமானுக்கு நம் வீடுகளில் ஒரே ஒரு இடம்தானே உண்டு? ஷோகேஸ்!

ஹாலின் வடக்குச் சுவரில் எங்கள் ஷோகேஸ் நின்றது. என் மகன் செந்தில் பள்ளியில் வாங்கிய கோப்பைகள், கண்ணாடித் தாஜ்மஹால், எதற்கு வந்தது என்று தெரியாத ஒரு பீங்கான் வாத்து. அவற்றுக்கு நடுவே பெட்ரோல் பங்க்கை வைத்துப் பூட்டினேன். பவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பாள். அந்தத் தடத்தை நான் துடைப்பேன். விளையாட அவளுக்கு உபரிக் கட்டை எட்டும் கொடுத்திருந்தேன். எட்டுக் கட்டையில் ஒட்டகம் வராது. கழுத்து வரைக்கும் வந்தது.

இந்த நிலையில்தான் மாடி கட்டுகிற யோசனை. வீட்டில் ஐந்து பேர். ஒரே ஒரு படுக்கையறை. மேலே ஒரு ஹாலும் அறையும் போட்டுச் செந்தில் குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். ஒரு இளம் எஞ்சினியர் பிளான் போட்டுக் கொண்டுவந்தார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.

“நல்லாருக்குப்பா” என்றான் செந்தில். பெண் பார்க்கப் போன இடத்திலும் அவன் இதைத்தான் சொன்னான்.

கலையரசி தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாள். “படி எங்க மாமா இருக்கு?”

“வெளியம்மா. கிழக்குப் பக்கம்.”

“ம்” என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் எனக்குள் ஏதோ இடித்தது. அவள் எப்போதும் ‘சரிங்க மாமா’ என்பவள். இரண்டு வார்த்தை. இன்றைக்கு ஏன் ஒரே எழுத்து?

அன்று முழுக்க யோசித்தேன். யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தேன். தனியாக இருக்க ஆசைப்படுகிறாள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். நாமே புரிந்து நடந்துகொள்வதுதானே பெரிய மனிதனுக்கு அழகு? மறுநாள் எஞ்சினியரிடம் சொல்லி, படிக்குத் தனியாக ஒரு கேட் போடச் சொன்னேன். கலையரசியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“ம்.”

போதவில்லை போலிருக்கிறது! கரன்ட்டுக்குத் தனி மீட்டர் சேர்த்தேன். “ம்.” தனியாகக் காலிங் பெல் சேர்த்தேன். அதற்கு அந்த ‘ம்’கூட வரவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“ஏங்க, அவ மூஞ்சியே சரியில்ல. என்னத்தச் சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“அவ கேக்காததெல்லாம் செஞ்சு குடுத்துக்கிட்டு இருக்கேன்.”

“அதான் பயமா இருக்கு” என்றாள்.

அஸ்திவாரத்தைச் சோதித்து, கம்பிக்குச் சொல்லி, வேலை ஆரம்பிக்க ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் கொளுத்துகிறது, வெளியே போக முடியாது. பவி ஹாலில் உட்கார்ந்து எட்டுக் கட்டையை வைத்துக்கொண்டு சிணுங்கினாள். “நம்ம மாடி வீட்டக் கட்டணும். கட்ட பத்தல.”

கலையரசி என் முன்னால் வந்து நின்றாள். “மாமா, அந்தப் பங்க்கப் பிரிச்சுக்கட்டுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார உழைப்பு. ஒரு கட்டை பிசகாமல் நிற்கிறது. பிரித்தால் ஒன்று கட்டிலுக்கு அடியில் போகும், ஒன்று சாக்கடைக்குப் போகும். அப்புறம் 312 என்பது வெறும் அட்டையில் போட்ட நம்பர்தான்.

“சாவியக் குடுங்க. பெட்ரோலா வழிஞ்சு ஓடப் போகுது?” என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் பங்க் தரைமட்டம்.

பெட்டியோடு வந்த பச்சைத் தட்டின் மேல் பவி வீடு கட்ட ஆரம்பித்தாள். ஹால் சமையலறையைவிடச் சின்னதாக வந்தது. இதைப் பார்த்துக்கொண்டு ஈஸிசேரில் சும்மா இருக்க முடியுமா? நானும் தரையில் உட்கார்ந்தேன். கட்டையின் தலையில் இருக்கிற குமிழ் ஒன்றுக்கு இரண்டு அடி என்று கணக்குச் சொன்னேன். சுவர் கொஞ்சம் உயர்ந்ததும் மூலை பிளந்து சாய்ந்தது. பவி அழவில்லை. ஓடிப் போய் அந்தப் படப் புத்தகத்தை எடுத்துவந்து, பங்க்கின் மூலையை எப்படிக் கட்டினோம் என்று பார்த்தாள். ஒரு வரிசை இப்படி, அடுத்த வரிசை அதன் மேல் ஏறி உட்காருகிற மாதிரி. இரண்டாம் தடவை சுவர் நின்றது. புத்தகம் தேவையில்லை என்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்!

பங்க்கின் கூரை மாடித் தளமானது. பிளானில் இருந்தபடியே படியைக் கிழக்கே வெளியில் வைத்தோம். தனி கேட்டையும் நான் மறக்காமல் வைத்தேன்.

பிறகு பவி விளையாட ஆரம்பித்தாள். சிவப்புத் தொப்பி ஆள், அவள் அம்மா. டிரைவர், பவி.

கலையரசிக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு வேலை. மில் பஸ் அவளை இறக்கிவிட ராத்திரி எட்டரை ஆகும். அதற்குள் பவி சாப்பிட்டு ஹாலிலேயே தூங்கிப் போயிருப்பாள். அதையேதான் விளையாடினாள். டிரைவர் ஹாலில் படுத்துத் தூங்குகிறான். தொப்பி அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறாள். டிரைவரைத் தோளில் தூக்கிக்கொள்கிறாள். ஹால் வாசலைத் தாண்டுகிறாள். வெளியே சுற்றிக்கொண்டு வருகிறாள். தனி கேட்டைத் திறக்கிறாள். படியேறுகிறாள். பாதிப் படியில் டிரைவர் கீழே விழுந்தான். எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தான்.

பவி நிமிர்ந்தாள். “தாத்தா, நம்ம வீட்டுக்குள்ள போறதுக்கு எதுக்கு நம்ம வீட்ட விட்டு வெளிய போகணும்?”

கலையரசி குனிந்து மிச்சக் கட்டைகளைக் கலர் கலராகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கம்மாவுக்கு அதானே ஆத்தா வசதி” என்றேன்.

கலையரசி நிமிர்ந்தாள். “எனக்கா? நான் எப்ப மாமா கேட்டேன்?”

“வாய விட்டுக் கேக்கல. ‘ம்’னு சொன்னியேம்மா.”

“வேற என்ன மாமா சொல்லச் சொல்றீங்க? முதல்ல படிய வெளிய வச்சீங்க. அப்புறம் தனி கேட்டுன்னீங்க. தனி மீட்டருன்னீங்க. பெல்லுன்னீங்க. தெனம் ஒண்ணாக் கூடிக்கிட்டே போச்சு. சரி, வாடகைக்குக் குடி வந்தவங்க மாதிரி எங்கள ஒதுக்கித்தான் வைக்கப் போறாங்கன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்.”

இவள் விலகிப் போகப் பார்க்கிறாள் என்று நான். நாங்கள் விலக்கிவிடப் பார்க்கிறோம் என்று அவள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு செங்கலாக வைத்து, ஊர் மெச்சுகிற மாதிரி ஒரு சுவரை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்!

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். “ரெண்டு பேரும் படிச்ச ஆளுக. ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பில் வெஞ்சனம் தீய்கிற வாசனை வந்தது. இல்லாவிட்டால் இன்னும் நிறையச் சொல்லியிருப்பாள்.

அதற்குள் பவி படியைப் பிடுங்கி ஹாலுக்குள் வைத்துப் பார்த்தாள். தெற்கே வைத்தால் வாசல் மறைகிறது. மேற்கே வைத்தால் சமையலறைக்குப் போக வழியில்லை. வடக்கே வைத்தால் கச்சிதம். நான் குமிழ்களை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொரு தரம் எண்ணினேன், ஏதாவது இடிக்காதா என்று. ஏனென்றால் வடக்கே நிற்பது ஷோகேஸ்.

மறுநாள் எஞ்சினியர் வந்தார். “ஹால்ல இடம் போயிரும் சார். பின்னாடி வாடகைக்கு விடுறதுன்னா கஷ்டம்” என்று எச்சரித்தார். தெரியும் என்றேன். அவர் தன் பிளானை மடித்து வைத்துவிட்டு, தரையில் மண்டி போட்டுப் பவியின் வீட்டை அளந்துகொண்டார். அந்தப் பெருமையில் அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புத்தகத்தைப் பார்த்துக் கட்டுவது தப்பு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். சுவர் நிற்பதற்கு அதுதான் வழி. ஆனால் எத்தனை பக்கம் புரட்டினாலும், தூங்குகிற பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு எந்த வழியாகப் போவார்கள் என்று ஒரு படமும் சொல்வதில்லை. எஞ்சினியர் பிளானிலும் அது இல்லை. அதைக் கட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்டும் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் கட்டுவது சுலபம். கேட்பதுதான் கஷ்டம்.

ஷோகேஸ் சமையலறைக்குப் போய், இப்போது துவரம்பருப்பையும் சீரகத்தையும் காட்சிக்கு வைத்திருக்கிறது. பவி ஒட்டகம் கட்டிவிட்டாள். நான்கு காலும் சமம், அளந்து பார்த்தேன். கட்டைகள் இப்போது 304. மிச்சம் எட்டு எங்கே என்று கேட்காதீர்கள், இரவில் தூக்கம் வராது.

வேலை முடிகிற சமயத்தில் எஞ்சினியர் ஒன்று கேட்டார். “படி ஏறுன இடத்துல ஒரு கதவு போட்டுரலாமா சார்?”

இந்த முறை நான் முடிவுக்கு வரவில்லை. கலையரசி மில்லிலிருந்து வருகிற வரைக்கும் காத்திருந்து, வந்ததும் கேட்டேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். “கதவு வேணும் மாமா. தாப்பா வேணாம்” என்றாள்.

அப்படியே போட்டாயிற்று. எந்தப் பக்கத்திலும் தாழ்ப்பாள் கிடையாது. நம்மூர் ஆடிக் காற்றைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே... கதவு ராத்திரி முழுக்க டப், டப் என்று அடித்துக்கொள்கிறது. நானும் எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறேன். காலையில் செந்தில், “ஒரு தாப்பா அடிச்சிரலாமாப்பா?” என்கிறான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காற்று என்ன, வருஷம் பூராவுமா அடிக்கப் போகிறது!