பார்த்தீனியமும் பெண் பார்க்க வந்தவர்களும்

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்து நம் மண்ணில் பரவிவிட்ட செடிகளை அடையாளம் காணும் போட்டி ஒன்று வாலாஜாபாத்தில் நடப்பதாக அறிவியல் டீச்சர் சொன்னார். செடியைக் காட்டியதும் அதன் பெயர், வந்த விதம், செய்யும் கெடுதல் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொல்ல வேண்டும். பிள்ளைப்பாக்கத்திலிருந்து நான் போவதென்று முடிவாயிற்று. வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதுதான் என் தகுதி.

அன்று முதல் வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஆகாயத்தாமரை அம்மாவின் தண்ணீர்க் குடத்தில் குடியேறியது. நான் கதவோரம் சாய்த்து வைத்த வேலிகாத்தான் முள் அப்பாவின் முழங்காலில் ஏறியது. அவர் நொண்டிக்கொண்டே மாதா கோயிலுக்குப் போய், பூசை முழுக்க முழங்காலிடாமல் நின்றதை ஊரே பார்த்தது.

எனக்குப் பயிற்சி கொடுத்தவள் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்சி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நடுவர் போலக் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு ஒவ்வொரு செடியாகக் காட்டுவாள். ஒருநாள் வெள்ளைப் பூ வைத்த செடி ஒன்றைத் தூக்கி, "இது இன்னா?" என்றாள்.

"பார்த்தீனியம். கோதுமையோட கப்பல்ல வந்துச்சு. தொட்டா அரிக்கும். சில பேருக்கு மூஞ்சியே வீங்கிடும்."

அவள் மணிக்கட்டு ஏற்கெனவே சிவந்து தடித்திருந்தது. செடியைக் கீழே போடாமல், "எவ்ளோ நாளைக்கு வீங்கிகினு இருக்கும்?" என்று கேட்டாள். டீச்சர் சொல்லித்தராத கேள்வி என்பதால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை படப்பையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். கல்யாணம் ஆனதும் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவும் தலையாட்டியிருந்தார். சனிக்கிழமை அத்தை தானாகவே போய் எனக்காகப் புதுப் பார்த்தீனியம் பறித்து வந்தாள். ஒரு கிளை போதும். அவளோ பெரிய கட்டாகக் கட்டி, அதைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு வந்தாள். என் மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் அவள் முகம் பூரி போல உப்பியிருந்தது. கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அம்மா பவுடரை அப்பிப் பார்த்தாள். இன்னும் மோசமாயிற்று. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

அத்தை காபித் தட்டோடு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பதறினார். "ஐயோ, மூஞ்சிக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க, சூடு" என்றார் அப்பா.

தப்பான விடையை என்னால் பொறுக்க முடியவில்லை. "சூடு இல்ல, பார்த்தீனியம்!" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "அது பரவுமா பாப்பா?"

"ரொம்ப வேகமாப் பரவும் தாத்தா. ஒரு எடத்துல வந்தா ஊரே நெறைஞ்சிடும். அழிக்கவே முடியாது."

மாப்பிள்ளை வாயிலிருந்த பஜ்ஜியை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எழுந்து நின்றார். யோசித்துச் சொல்கிறோம் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். அம்மா துடைப்பத்தை எடுத்து என் செடிகளையெல்லாம் தெருவில் தள்ளினாள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் கூடவே அழுதேன்.

போட்டிக்கு வர வீட்டில் வேறு யாருக்கும் மனமில்லை. அத்தைதான் அழைத்துப் போனாள். இரண்டாம் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. அவள் கைதட்டிய சத்தத்தில் நடுவர்களே திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்காக நிற்கும்போது ஆளுக்கொரு பன்னீர் சோடா வாங்கினாள்.

"இனிமே நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் நம்ம வூட்டுப் பக்கம் வரமாட்டான்டி" என்றாள்.

எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "கவலப்படாத அத்த, மூஞ்சிதான் சரியாயிடுச்சே. நிச்சயமா வருவாங்க" என்று தேற்றினேன்.

சோடா அவள் மூக்கில் ஏறிவிட்டது.