கரும்பலகையின் மூலை

ஒரே மாதத்தில் என் மகள் ஐந்து தண்ணீர்ப் போத்தல் தொலைத்தாள். கொப்பியில் ஒரு வரி எழுதினால் அடுத்த வரிக்கு முன் எழும்பி ஜன்னலுக்குப் போய்விடுவாள். கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுவாள். நான் கற்பிக்கும் பள்ளிக்கூடத்திலேயே அவளும் தரம் மூன்றில் படித்ததால், முறைப்பாடுகள் வீடு தேடி வரவேண்டியிருக்கவில்லை. ஆசிரியர் அறையில் தேநீரோடேயே கிடைத்தன. நான் அவளுக்கு அடித்தேன். அடித்துவிட்டுச் சல்லி அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தேன். இரண்டும் பலிக்கவில்லை.

துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர்தான் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவதானக் குறைபாடு என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். "இருக்கலாம், பாப்பம்" என்று சொன்ன டொக்டர் இரண்டு தாள்கள் தந்தார். ஒன்றைத் தாய் நிரப்ப வேண்டும், மற்றதை வகுப்பாசிரியை. இருந்த இடத்தை விட்டு எழும்புகிறாளா, சொன்னதை மறக்கிறாளா, முறை வருமுன் முந்துகிறாளா என்று வரிசையாகக் கேள்விகள்.

வீட்டில் அந்தத் தாளை விரித்து வைத்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தச் சின்ன ஊரில் எந்தத் தாள் ஆஸ்பத்திரியோடு நிற்கும்? நாளைக்கு அவளை 'அந்தப் பிள்ளை' என்பார்கள். எத்தனை பிள்ளைகளை நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்! எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' போட்டேன். நம்பும்படி இருக்கட்டும் என்று இரண்டு இடத்தில் மட்டும் 'சிலவேளை' போட்டேன்.

மகளின் வகுப்பாசிரியை என்னோடு பத்து வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுபவர். தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"நீங்கள் என்ன போட்டனீங்கள், டீச்சர்?"

"பெரிசா ஒண்டும் போடேல்லை."

"அப்ப நானும் அப்பிடியே போடுறன். எங்கட பிள்ளைதானே."

அன்பினால்தான் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

டொக்டர் இரண்டு தாள்களையும் பார்த்தார். புது இடம் என்பதாலோ என்னவோ, மகள் அன்றைக்கென்று கதிரையில் பொம்மை போல இருந்தாள்.

"பள்ளிக்கூடத்திலயும் பிரச்சினை இல்லையெண்டுதான் எழுதியிருக்கு. கூடினா வாங்கோ" என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன். அப்படியே ஒன்றரை வருடம் போய்விட்டது.

போன பள்ளித் தவணையில் ஒரு காலை நாங்கள் இருவரும் வேளைக்கே பள்ளிக்கூடம் வந்துவிட்டோம். வழக்கம்போல அவள் மறந்துவிட்டுப் போன போத்தலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வகுப்பில் வேறு ஒருவரும் இல்லை. கதிரையில் ஏறி நின்று, கரும்பலகையின் மூலையில் எழுதிக்கொண்டிருந்தாள். குழப்படி செய்கிறவர்களின் பெயரை வகுப்பு மொனிட்டர் எழுதும் மூலை அது. பெயர் விழுந்தவர்களுக்கு இடைவேளை கிடையாது. என் மகள் அங்கே தன் பெயரை எழுதியிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"எப்பிடியும் எழுதுவினம்தானே, அம்மா. நானே எழுதினா மொனிட்டர் என்னையே பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை."

"எப்ப இருந்து எழுதுறாய்?"

"கனநாளா."

அவள் அழவில்லை. கையாலேயே அந்தப் பெயரை அழித்தேன். அவள் பதறிப்போனாள்.

"அழிக்காதேங்கோ அம்மா, பிறகு திரும்பவும் எழுதவேணும்!"

அன்றே கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். அந்த டொக்டர் இடமாற்றத்தில் போய்விட்டாராம். புதியவர் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். இன்னும் காத்திருக்கிறோம்.

போன் எடுத்துவிட்டு, வெண்கட்டித் தூள் கையோடு என் வகுப்புக்குப் போனேன். கரும்பலகையின் மூலையில் முதல்நாள் எழுதிய மூன்று பெயர்கள் இருந்தன. முதலாவது, வருடம் முழுக்க அங்கே இருக்கிற ஒரு பெயர். வீட்டுக்குப் போகும்போது அந்த மூலையை மட்டும் அழிக்க வேண்டாம் என்று மொனிட்டருக்குச் சொல்லிவைத்தவள் நான்தான்.