மேனேஜர் வீட்டு ஃபெரெட்டுக்கு வயிறு சரியில்லை

எங்கள் மேனேஜர் குடும்பத்தோடு பத்து நாள் லீவில் போனபோது, அவர் மகள் வளர்க்கும் ஃபெரெட்டைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அலுவலகத்தில் நான் டீ போடுகிறவன், காகிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஆனால் மேனேஜர், "நீ கிராமத்து ஆள், உனக்கு மிருகங்களைத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பெரம்பலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ஃபெரெட் கட்டிக் கிடப்பதாக அவருக்கு யார் சொன்னார்களோ.

ஃபெரெட், கீரியின் பணக்காரச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். கூண்டு, ஒரு பை உலர்தீனி, இரண்டு பக்கக் குறிப்பு இவற்றோடு அது, அரபு நாட்டுக்குப் பிழைக்க வந்த நாங்கள் நான்கு பேர் தேராவில் தங்கியிருந்த ரூமுக்கு வந்தது. குறிப்பை நான் படிக்கவில்லை. எனக்குத்தான் மிருகங்களைத் தெரியுமே.

ரூமில் மூத்தவர், மசாலாக் கடையில் வேலை பார்க்கும் கீழக்கரை பாய். கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நாமளே படுக்க எடமில்லாமக் கெடக்குறோம். இதுல கீரி வேறயா தம்பி?"

இப்படிச் சொன்னவர்தான் இரக்கப்பட்டு ஒரு கிண்ணம் பால் ஊற்றினார். மறுநாள் அதற்கு வயிற்றால் போயிற்று. பச்சையாக, கொழகொழவென்று. கொத்தமல்லிச் சட்னி மாதிரி இருப்பதாகப் பாய் சொல்லிவைக்க, அந்த வாரம் ரூமில் யாரும் சட்னி அரைக்கவில்லை.

"வயித்தால போனா தயிர்சோறுதான் மருந்து" என்று கொடுத்தும் பார்த்தார். இன்னும் நன்றாகப் போயிற்று. அதன் பிறகுதான் குறிப்பை எடுத்தேன். இது இறைச்சி மட்டும் தின்கிற பிராணி. பால், தயிர், சோறு, பழம் எதுவும் ஆகாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி, தீனியும் தண்ணீரும் மட்டும் வைத்தோம். இரண்டு நாளில் சரியாயிற்று. நாங்களே வைத்தியம் பார்த்ததாகப் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அது தரையோடு தரையாகக் கிடந்தது. தீனியைத் தொடவில்லை. எச்சில் வடிய, முன்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டே பல்லைக் கடித்தது.

"பல்ல நறநறங்குது. உம்மேல கோவம்போல" என்றார் பாய்.

கழிவுத் தட்டைப் பார்த்தேன். இடியாப்ப இழைபோல மெல்லிசாகக் கொஞ்சம், பக்கத்தில் தார் மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. முன்பு தொழிலாளர் கேம்பில் இருந்தபோது ஒருவருக்கு இப்படித்தான் கறுப்பாகப் போனது. தலைவலி மாத்திரை கொடுத்தே ஒரு வாரம் ஓட்டினார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

என்ன தின்றது என்று தேடினோம். பாயின் பாத்ரூம் செருப்பில் குதிகால் பக்கம் ஒரு துண்டைக் காணோம். முந்தின நாள் கூண்டைத் துடைக்க அதை வெளியே விட்டது நான்தான்.

டாக்ஸியில் அல் குசைஸ் பக்கம் ஒரு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மலையாளி அம்மா, தமிழ் பேசினார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டது?"

"நேத்து சாயங்காலம் மேடம்."

"நேத்தா? இதுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல வெறும் வயிறு ஆகாது. பல்லைக் கடிக்கிறதுன்னா வயித்துவலின்னு அர்த்தம். கறுப்பாப் போனா ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்கக் கூடாது."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். குடலில் அடைப்பு, அன்றைக்கே ஆபரேஷன். மேனேஜருக்குப் போன் போட்டேன். பின்னால் கடல் அலைச் சத்தம் கேட்டது. "என்ன தேவையோ செய், மகளிடம் மட்டும் சொல்லாதே" என்றார்.

புளியங்கொட்டை அளவில் நீல ரப்பர் வெளியே வந்தது. ரூமுக்குக் கொண்டுவந்து காட்டினேன், பாய் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குக் குடல்வால் அறுத்தபோது கம்பெனி இரண்டு நாள் லீவு கொடுத்தது. ஃபெரெட்டுக்கு ஆபரேஷன் என்றதும் எனக்கு மூன்று நாள். டின்னில் வந்த இறைச்சிக் கூழை வெதுவெதுப்பாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. பாய் டூட்டிக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் தானே ஊட்டினார், ஒவ்வொரு தடவையும் பிஸ்மில்லா சொல்லி. மூன்றாம் நாள் அது அவர் விரலிலிருந்தே கூழை நக்கித் தின்றது. பாய் என்னைப் பார்க்காமல் முகம் கழுவப் போனார். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம்.

மேனேஜர் திரும்பியதும் கூண்டை அவர் வீட்டில் ஒப்படைத்தேன். தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன்: பச்சையாகப் போனால் கவனிக்க வேண்டும், கறுப்பாகப் போனால் ஓட வேண்டும், ரப்பர் எதுவும் கண்ணில் படக் கூடாது. "குட், குட்" என்று தலையாட்டிவிட்டு, தான் கொடுத்த ஷாம்பூவில் குளிப்பாட்டினேனா என்று கேட்டார்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டு நின்ற மகளுக்குப் பத்து வயதிருக்கும். வயிற்றில் முடி மழித்திருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்கும்போது அழுததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அது அழாது. நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் தரையில் உட்கார்ந்து, அறையில் தன் கைக்கு எட்டிய அழிரப்பர், பொம்மைச் சக்கரம், ஹெட்போன் பஞ்சு ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூட ஆரம்பித்தாள். மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.