மாமா உள்ளே இருக்கிறார்

எனக்குத் தாய்மாமனையே கட்டிவைத்தார்கள். பேச்சு வந்த நாளிலிருந்து "மாமா" என்று கூப்பிட்டவரைக் கல்யாணத்துக்குப் பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவது? ராசிபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்தார். ஆறடி உயரம், முறுக்கு மீசை. ரத்தத்தைக் கண்டால் மயக்கம்.

யுத்தகாலத்தில் என் முதல் பிரசவம். சேலத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பிரசவ வார்டுக்குள் ஆண்கள் வரக்கூடாது; பெற்ற தாய் ஒருத்தி மட்டும் கூட இருக்கலாம். என் அம்மா ஆத்தூரில் இருந்தாள். தகவல் போயிருந்தது. ஆனால் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ் அவளை எப்போது கொண்டுவந்து சேர்க்கும் என்பது அந்த பஸ்ஸுக்கே தெரியாது.

வலி ஏறியது. "மாமா! மாமா!" என்று கத்தினேன். கப்பலை விட்டு இறங்கி ஒரு மாதமே ஆகியிருந்த நர்ஸ், "மம்மா? யெஸ், யெஸ்!" என்று என் நெற்றியைத் தடவினாள். அவள் பாஷையில் அது அம்மா. வாசலுக்கு ஓடி, "மாமா! சீக்கிரம்!" என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். அவனுக்கு அது நம் பாஷையில் புரிந்தது. வேப்பமரத்தடியில் நின்றவரிடம், "ஏனுங்க, உங்களை உள்ளார கூப்புடறாங்க, போங்க" என்று அனுப்பிவைத்தான்.

கதவு திறந்ததும் நர்ஸ் அலறினாள். மாமா சுவரைப் பார்த்தபடி, "நான் வெளிய போயிர்றனுங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்தவள் விடவில்லை. அந்த அமளியிலேயே மகள் பிறந்தாள். மாமா தரையில் சாய்ந்தார்.

சற்று நேரத்தில் அம்மா வந்து வாசலில் நின்றாள்.

"நான் பொண்ணோட அம்மா. வழிய உடு."

"ஒருத்தருக்குத்தானுங்க எடம். மாமா உள்ளார இருக்காருங்க."

"அவன் என் தம்பிடா! பிரசவம் பாக்கற எடத்துல அவனுக்கு என்னடா வேலை?"

வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், தம்பி பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பதையும் நர்ஸ் விசிறுவதையும் கண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கள் பேச்சுக்குப் பழகிய டாக்டரம்மாதான் இருபக்கமும் விளக்கினார். "கொழந்தை உதட்டைச் சேர்த்துப் பிரிச்சா 'மா'ன்னுதான் சத்தம் வரும். பக்கத்துல இருக்கறவங்க, 'என்னைத்தான் கூப்புடுது'ன்னு எடுத்துக்கறாங்க. எங்க ஊர்ல அம்மா எடுத்துக்கிட்டாங்க. உங்க ஊர்ல மாமா. ஜார்ஜியான்னு ஒரு தேசம், அங்க அப்பாவே எடுத்துக்கிட்டாராம்."

"பெத்தவ ஒருத்தி, பேரு வாங்கறவன் ஒருத்தனா? நல்ல தேசம்!" என்றாள் அம்மா.

தப்பு யாருடையது என்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. நான் கூப்பிட்டேன், அவர் வந்தார்.