எங்கள் வீட்டு முறை வந்தபோது

மலைமேல் இருக்கும் காந்தலில், சபைக்காரர்கள் நாங்கள் வியாழன்தோறும் ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம். போன மாதம் எங்கள் வீட்டு முறை. கணவன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்த மகள் உள்ளே இருக்கும்போது ஊரைக் கூட்டுவதா என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. முறையைத் தள்ளிப் போட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவள் லீவுக்கு வந்திருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

உண்மையை ஜெபம் நடத்தும் அக்காவிடம் மட்டும் சொன்னேன். "யாருக்கும் தெரிய வேண்டாங்க்கா. புருசன் பொஞ்சாதிக்குள்ள சின்னச் சண்டை. இவ கொஞ்சம் புடிவாதக்காரி. மனசு மாறித் திரும்பிப் போகோணும்னு ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

அன்று நல்ல மழை. ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மகள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டும் வசனமும் முடிந்து கண்களை மூடினோம். அக்காவுக்கு ஆவியில் அனல் ஏறிவிட்டால் நிறுத்த முடியாது. "ஆண்டவரே, இந்த வீட்டு மகளைப் பாரும். புருஷனை விட்டு வந்திருக்கிறாள். அவள் பிடிவாதத்தை உடைத்துப்போடும். அந்த வீட்டிலேயே அவளைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தருளும்" என்று கணீரென்று ஜெபித்தார். சுற்றிலும் ஆமென், ஆமென் என்றார்கள்.

எனக்கு உடம்பே கூசியது. அக்காவிடம் சண்டைக்குப் போகவும் வழியில்லை. யாரிடமும் சொல்லவில்லையே, ஆண்டவரிடம்தானே சொன்னேன் என்பார். ஜெபம் முடிந்தால் எல்லோரும் கண்ணைத் திறப்பார்கள், அதனால் அது முடியவே கூடாது என்று இருந்தது. முடிந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது. மகள் வந்து ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகு, டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, அவரு என்னைய அடிச்சத அந்தக்காகிட்டச் சொல்லலையா?"

"அதையெல்லாம் எப்புடிக் கண்ணு வெளிய சொல்றது. நமக்குத்தான மானக்கேடு."

"செரி. ஆண்டவர்கிட்டயாவது சொன்னியா?"

தினமும் விடிவதற்கு முன் எழுந்து, குளிரில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவள் நான். அவளுக்காக அழுதுகூட இருக்கிறேன். ஆனால் அந்த ஜெபங்களில் ஒன்றில்கூட மருமகனின் கையைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. என் பெண்ணைத் திருத்தித் திருப்பி அனுப்பும்படிதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.