முடியை வெட்டச் சொல்லாத உபதேசியார்

அருள்ராசா உபதேசியார் காலமான செய்தியை எனக்குச் சொன்னவன் ரூபன். கடையில் தகரம் இறக்கிக்கொண்டிருந்த நேரம் சுவிஸிலிருந்து அழைத்தான். "முதலாளி, உபதேசியார் போயிட்டார். தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவராம்" என்றான்.

இந்த நினைவு மலரைப் படிக்கிற பலர் அவருடைய தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள். நான் அப்படியல்ல. பெரியகல்லாற்றிலிருந்து சைக்கிளில் கருவாடு கட்டி வந்து விற்று, பிறகு புளியந்தீவில் இரும்புச் சாமான் கடை போட்டவன். இன்றும் பிள்ளையார் கும்பிடுகிறவன். கடைக்கு எதிரே அவருடைய தேவாலயம். முதலில் அவரைத் தேடிப் போனது சண்டைக்குத்தான்.

சண்டை நான்கு பெடியன்களால் வந்தது. யுத்த காலம். தோள்வரை முடி, ஒற்றைக் காதில் கடுக்கன், மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்பு பெனியன், முழங்கால் கிழிந்த டெனிம். தேவாலய மதிலில் ஏறியிருந்து கித்தாரை அலற வைப்பார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். "இந்தக் காவாலிகளக் கலையுங்க உபதேசியார்" என்று சொல்லப் போனால், மனுஷன் அவர்களோடு மதிலில் உட்கார்ந்து கித்தாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். "ஏறி இருங்க முதலாளி, இடமிருக்கு" என்றார். பெடியன்கள் சிரித்த சிரிப்பில் நான் திரும்பிவிட்டேன்.

அந்த நத்தாருக்கு வீடு வீடாகக் கரோல் பாடப் போகும் கூட்டத்தில் நால்வரையும் சேர்த்தார். தேவாலயக் கமிட்டி கொதித்தது. முடியை வெட்டிவிட்டு வரட்டும் என்றார்கள். "அப்ப நத்தார் தாத்தாட தாடிய என்ன செய்வம்?" என்று கேட்டார் உபதேசியார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "முடிய வெட்டினா ஆளும் போயிருவான் ஐயா. நமக்கு ஆள்தானே வேணும்."

அன்றைய நிலைமை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் இயக்கம் ஆள் சேர்த்தது, மறுபக்கம் இராணுவத்தின் சோதனைச்சாவடி. இயக்கத்துக்குப் போனவன் முடியை ஒட்ட வெட்டுவான். முடி வளர்த்தவன், தான் அங்கே இல்லை என்பதைத் தலையாலேயே சொல்லிக்கொண்டு திரிந்தான். வீட்டிலும் தெருவிலும் திட்டு வாங்கினாலும் அவனுக்கு அதுதான் காவல். உபதேசியாருக்கு இது விளங்கியிருந்தது. எவனையும் ஒரு பார்வையில் எடைபோடுகிறவன் என்று பெயரெடுத்த எனக்கு விளங்கவில்லை.

நால்வரில் நாவற்குடா ரூபன் கெட்டிக்காரன். ஒரு தடவை பார்த்த சாமானை மறக்கமாட்டான். "முடிய வெட்டிட்டு வா, நாளைக்கே வேலை" என்றேன். உபதேசியாரிடம் சொல்லாமல் செய்த காரியம் அது. வீட்டில் தாய்க்குச் சுகமில்லை, அதனால் வெட்டினான். மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் பாலத்தடிச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். படத்தில் தோள்வரை முடி, எதிரே ஒட்ட வெட்டிய தலை. காட்டிலிருந்து வந்த இயக்கக்காரன் என்று இராணுவ முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்த காலமல்ல அது.

உபதேசியாரிடம் ஓடினேன். "நான்தான் வெட்டச் சொன்னன்" என்றேன். அவர் ஏசவில்லை. சாரத்தைக் கழற்றிக் காற்சட்டை போட்டார்.

"அப்ப வாங்க. நான் சொன்னா, கோயில்காரன் தன்ட ஆளக் காப்பாத்த வாறான் எண்டுவாங்க. இத நீங்கதான் சொல்லணும்."

கடைக்குச் சாமான் ஏற்றும் என் லொறி ஓட அந்த முகாமின் அனுமதி வேண்டும். பிடிபட்டவனுக்காகப் போய் நின்றால் அனுமதி போய்விடும். "எனக்குப் பயமாயிருக்கு" என்றேன்.

"எனக்குந்தான் முதலாளி. பயத்தோடயே போவம்."

வழியில் ரூபனுக்கு முடி வெட்டிய சலூன்காரரையும் இழுத்துக்கொண்டார். அவர் சீப்பைக் கீழே வைக்கவும் நேரமில்லாமல் வந்தார்.

இரண்டு நாள் முகாம் வாசலில் வெயிலில் நின்றோம். மூன்றாம் நாள்தான் உள்ளே விட்டார்கள். உபதேசியார் அந்த நத்தார் கரோலில் பிடித்த படத்தை எடுத்து வைத்து, அதில் முடியோடு நின்ற ரூபனைத் தொட்டுக் காட்டினார். நான் எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், வேலை தருவதாகச் சொல்லி முடியை வெட்ட வைத்தது நான்தான் என்றேன். சலூன்காரர் சும்மா இருக்கவில்லை. "சேர், வெட்டக்குள்ள விக்கி விக்கி அழுதான். இயக்கக்காரன் முடிக்கு அழுவானா?" என்றார். அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அதிகாரி படத்தை இன்னொரு முறை பார்த்துச் சிரித்துவிட்டார்.

பின்னேரம் ரூபனை விட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. உபதேசியார் அவன் தலையைத் தடவி, "வளரும்டா" என்றார். அன்றைய பிரசங்கம் அவ்வளவுதான். ரூபன் மறுபடி முடி வளர்த்தான். என்னிடம் வேலைக்கு வரவில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதினால் அது பொய். நால்வரில் ஒருவன் பிறகு இயக்கத்தோடு போனான், வரவேயில்லை. "அந்தக் கிழமை நான் அவனட்டப் போகல்ல" என்று உபதேசியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய பிடிவாதக்காரர். பாடினால் சுருதி சேராது, பாடாமலும் விடமாட்டார்.

பிழையை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு நகர்வது வியாபாரத்தில் எனக்குக் கைவந்த வேலை. "நான்தான்" என்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த முகாமில். லொறி பல மாதம் ஓடவில்லை, ஆனால் ரூபன் உயிரோடு வந்தான். அதன் பிறகும் அந்தச் சொல்லைச் சில இடங்களில் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான். அவர் என்னிடம் விட்டுப்போனது அதுதான்.

ஆனால் அதிகாரியிடம் சொன்னதை இத்தனை வருடமாக ரூபனிடம் நான் சொல்லவேயில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் அவனை அழைத்தேன். "தம்பி, அண்டைக்கு உன்ன முடிய வெட்டச் சொன்னது என்ட பிழை" என்றேன்.

"இதுவும் உபதேசியார் சொல்லித்தந்ததா?" என்றான்.

"ஓம்" என்றேன்.